ஷோரோ வகுப்பில் என் வலது கை

1

இந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை மதியம், லிஸ்பன் நகரத்தில், என் வலது கை ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டது. வாசித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் வாத்தியங்களை இறக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் என் மகளும் ஒருத்தி. மற்றவர்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். அவள் எல்லாம் புரிந்துகொண்டு பார்த்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஊரில் இருக்கும் நீங்கள் இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். நாற்பத்தெட்டு வயதுக்காரி, வாரம் முழுக்க ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்திக் களைத்தவள், சனிக்கிழமை ஆனால் மாண்டலினைத் தூக்கிக்கொண்டு பிரேசில் நாட்டுச் சங்கீதம் கற்கப் போனாளாம். வேறு யாருக்காவது நடந்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன்.

நாங்கள் திருப்பதியிலிருந்து இங்கே வந்து எட்டு வருஷம் ஆகிறது. கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. அந்த வேலை எங்களையும் இழுத்துக்கொண்டு வந்தது. மகள் ஹாசினிக்கு அப்போது பத்து வயது. தமிழும் தெலுங்கும் கலந்து வாய் ஓயாமல் பேசும் பிள்ளை. போர்ச்சுகீசு மொழியில் ஹகாரத்தை எழுதுவார்கள், உச்சரிக்க மாட்டார்கள். அதனால் பள்ளிக்கூடத்தில் முதல் நாளே அவள் ஆசினி ஆகிவிட்டாள். கொஞ்ச நாள் எல்லோரையும் திருத்திப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். இப்போது வீட்டில் நான் ஹாசினி என்று கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புகிறாள்.

அவளுக்கும் எனக்கும் சண்டை எதுவும் கிடையாது. சண்டை போடவாவது பேச வேண்டுமே. சாவி எடுத்தாயா, சாப்பிட்டாயா, சார்ஜர் எங்கே. ஒரு நாளில் நாங்கள் பேசுவது இவ்வளவுதான். நான் தமிழில் கேட்பேன், அவள் போர்ச்சுகீசில் பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். செப்டம்பரில் வடக்கே போர்த்து நகரத்துக்குப் படிக்கப் போகிறாள். ரயிலில் மூன்று மணி நேரம். "அவ்ளோ தானா? நம்ம சித்தூர்ல இருந்து மெட்ராசுக்குப் போற நேரம்டி அது" என்று அக்கா போனில் அலட்சியமாகச் சொன்னாள். மணிக்கணக்கு எனக்கும் தெரியும். கதவைச் சாத்திக்கொள்கிறவள் பக்கத்து அறையில் இருப்பதற்கும் வேறு ஊரில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அக்காவுக்கு எப்படிச் சொல்வது?

ஒருநாள் சாப்பிடும்போது ஹாசினி அவள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கோடையில் சனிக்கிழமைகளில் ஷோரோ என்னும் பிரேசில் சங்கீதத்துக்குப் பட்டறை நடக்கிறதாம். அவள் சேர்ந்துவிட்டாளாம். பள்ளியில் கற்ற கவாக்கின்யோவை, அதாவது நாலு கம்பி வைத்த குட்டி கிடாரை, அங்கே வாசிக்கப் போகிறாளாம். "கவாக்கின்யோவுக்கு நிறைய பேர் வந்திருக்காங்க. மாண்டலினுக்குத்தான் ஆளே இல்ல" என்றாள்.

ஆந்திர எல்லையில் எங்கள் ஊர் நகரியில் சின்ன வயதில் நான் மாண்டலின் வாசித்தவள். கல்யாணம் ஆன பிறகும் திருப்பதியில் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்திருக்கிறேன். இங்கே வந்த பிறகு அது அலமாரிக்கு மேலே பெட்டியில் கிடந்தது. மகள் இப்படிச் சொன்னால் நான் என்ன நினைப்பேன்? மறுநாளே பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவளிடம் சொன்னபோது ஸ்பூன் பாதி வழியில் நின்றது. அதிர்ச்சியில் தமிழே வந்துவிட்டது.

"நீயா? உன்ன யாரு வரச் சொன்னாங்க?"

"நீதானே சொன்ன, மாண்டலினுக்கு ஆள் இல்லன்னு."

"அது சும்மா சொன்னேன், அம்மா."

சும்மா சொன்னாளாம். நான் சும்மா சேரவில்லை. அவள் போர்த்துவுக்குப் போவதற்குள் அவளோடு உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டாவது சேர்ந்து வாசித்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். பிரேசிலும் வேண்டாம், பெரிய வித்வாம்சமும் வேண்டாம்.

2

உண்மையில் இந்தக் கோடையில் நான் லிஸ்பனில் இருந்திருக்கவே கூடாது. புத்தூரில் இருக்கும் அக்காவின் மகள் பாவனிக்கு ஆடி முடிந்ததும் திருப்பதியில் கல்யாணம். எனக்குச் சித்தி முறை. மணமகளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவள். டிக்கெட் விலைகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

என் குடியிருப்பு அட்டை காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்க விண்ணப்பித்தாயிற்று, விரல் ரேகை கொடுத்தாயிற்று, போட்டோவும் எடுத்தாயிற்று. அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மூச்சே இல்லை. அட்டை இல்லாமல் நாட்டை விட்டுப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். திரும்பி வர விடுவார்களா என்பதற்குத்தான் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். விசாரிக்கலாம் என்று போன் செய்தால் பியானோ சத்தம் கேட்கும். குடியேற்ற அலுவலகத்துக்கு நேரில் போனால் முன்பதிவு இருக்கிறதா என்பார்கள். முன்பதிவு எப்படிச் செய்வது என்று கேட்டால் போன் செய்யுங்கள் என்பார்கள். போன் செய்தால் மறுபடி அதே பியானோ.

ஒருநாள் எப்படியோ கவுண்டர் வரைக்கும் போய்விட்டேன். உள்ளே இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "நடந்துகொண்டிருக்கிறது" என்றாள். எங்கே நடந்துகொண்டிருக்கிறது, யார் கால்களால் நடக்கிறது? ஊரில் எந்த ஆபீசுக்குப் போனாலும் 'ரேப்பு ரண்டி' என்று அனுப்பிவிடுவார்கள். நாளைக்கு வா என்பதில் நாளை என்று ஒரு நாளாவது இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை.

கோபம் வந்தால் எனக்குப் போர்ச்சுகீசு கழன்றுவிடும். அந்த இடத்துக்குத் தமிழ் வந்தாலும் பரவாயில்லை, தெலுங்கு வந்துவிடும். நகரியில் எங்களுக்கு வீட்டில் தமிழ். பள்ளிக்கூடம், சந்தை, ஆபீஸ் எல்லாம் தெலுங்கு. வெளியாளிடம் பேசுகிற மொழிக்கென்று மண்டைக்குள் ஓர் அறை இருக்கிறது போலிருக்கிறது. அதில் தெலுங்கு முன்னாலேயே குடியேறிவிட்டது. போர்ச்சுகீசு தடுமாறினால் உடனே அது வாசலுக்கு வந்துவிடுகிறது. அந்தக் கவுண்டர் பெண்ணிடம் ஒரு நிமிஷம் இருங்கள் என்பதற்கு நான் "ஒக்க நிமிஷம் ஆகண்டி" என்று சொல்லியிருக்கிறேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினாள். எட்டு வருஷம் கற்ற மொழிக்கு இதுதான் மரியாதை. நான் வாயைத் திறந்தாலே இந்த ஊர்க்காரர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"இன்னாடி, கார்டு வந்துச்சா?" என்று அக்கா வாரம் தவறாமல் கேட்டாள்.

"இல்லக்கா. நடந்துகினு இருக்குதாம்."

"நம்ம ஊர்ல ரேஷன் கார்டே வந்துடுது. அங்க இன்னா பண்ணிகினு கீறாங்க?"

முகூர்த்தம் நெருங்கியது. அட்டை வரவில்லை. டிக்கெட் எடுக்கவில்லை. கணவர் மட்டும் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதில் வாங்கவில்லை.

3

ஷோரோ என்றால் அழுகை என்று அர்த்தமாம். கேட்டால் அழுகிற மாதிரி இருக்காது. துள்ளிக்கொண்டு ஓடும், திடீரென்று வளையும், பிடிப்பதற்குள் அடுத்த வளைவுக்குப் போய்விடும். சொல்லிக்கொடுத்தவள் பெயர் தெரேசா. ரியோ நகரத்துக்காரி, என்னைவிடச் சின்னவள். கையில் எப்போதும் ஒரு பண்டெய்ரோ வைத்திருப்பாள். நம் கஞ்சிராவைப் பெரிதாக்கிச் சுற்றிலும் சலங்கைத் தட்டு வைத்தால் அதுதான் பண்டெய்ரோ.

பட்டறை நடந்தது ஒரு பழைய சமூகக்கூடத்தின் மாடியில். நடுவில் ஒரு மேசை, சுற்றிலும் நாற்காலிகள். "இந்தச் சங்கீதம் மேடைக்குப் பிறந்தது இல்லை, மேசைக்குப் பிறந்தது" என்று தெரேசா முதல் நாள் சொன்னாள். சபையைப் பார்த்து உட்காரக் கூடாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார வேண்டும். அந்தச் சுற்றுக்கு ரோடா என்று பெயர். பாட்டில் மூன்று பகுதிகள் இருக்கும். ஒருவர் ஒரு பகுதியின் மெட்டை வாசிப்பார், மற்றவர்கள் கீழே தாங்கிப் பிடிப்பார்கள். பகுதி முடியும்போது அவர் யாரையாவது பார்ப்பார். பார்க்கப்பட்டவர் அடுத்த பகுதியை வாங்கிக்கொள்ள வேண்டும். பேச்சே கிடையாது. பட்டறைக்கென்று ஒரே ஒரு சைகைதான் வைத்திருந்தோம். யாராவது உள்ளங்கையை விரித்துக் காட்டினால், இத்தோடு முடிக்கிறோம் என்று அர்த்தம்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை.

நான் வாசித்து வளர்ந்தது பஜனை கோஷ்டியில். முன்னால் ஒருவர் ஒரு வரி பாடுவார், பின்னால் எல்லோரும் அதையே திருப்பிப் பாடுவோம். புரட்டாசி சனிக்கிழமைகளில் அப்படியே பாடிக்கொண்டு மலை ஏறுவோம். பிறகு ஆர்கெஸ்ட்ரா. சித்தூரில் தெலுங்குக் கல்யாணம் என்றால் ஒரு பாட்டு வரிசை, நகரிப் பக்கம் தமிழ்க் கல்யாணம் என்றால் வேறு வரிசை. எந்த வரிசையானாலும் மாண்டலினுக்கு ஒரே வேலைதான். பாடுகிறவர் எங்கே போகிறாரோ அங்கே பின்னாலேயே போக வேண்டும். அதனால் முதல் வகுப்பில் புல்லாங்குழல்காரர் நாலு வரி வாசித்து மூச்சு வாங்கியதும், நான் அதையே அச்சு பிசகாமல் திருப்பி வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் தடவையும் திருப்பி வாசித்தேன். மூன்றாம் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"நீங்கள் யாராவது முன்னால் போகட்டும் என்று காத்திருக்கிறீர்கள். இங்கே நீங்கள்தான் போக வேண்டும்" என்றாள் தெரேசா, எனக்காக மெதுவாக, நல்ல வேளையாகப் போர்ச்சுகீசிலேயே. சரி, போகிறேன். எந்தப் பக்கம் என்று யார் சொல்வார்கள்? நாற்பத்தெட்டு வருஷத்தில் ஒரு பாட்டையும் நான் முதலில் எடுத்ததில்லை.

அதோடு இந்தக் கை. அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நகரியில் எங்கள் வீட்டு முன்பக்கம் நைனாவின் பவர்லூம் தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். பேசுவதானால் கத்த வேண்டும், டிவி பார்ப்பதானால் வாயசைவைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தறிக்கும் ஒவ்வொரு வேகம். மாண்டலினை எடுத்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் என் பாட்டு ஏதாவது ஒரு தறியின் வேகத்துக்கு ஓடிவிடும். காதை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று ஆனபோது நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வாசிக்காத இடங்களில் தொடையில் ஓங்கித் தாளம் போடுவது. தட்டு, விரல் எண்ணிக்கை, வீச்சு. வீச்சு என்றால் உங்களுக்குத் தெரியும், உள்ளங்கையை மேலே திருப்பிப் போடுவது. தறிச் சத்தத்தில் எனக்கே உறைக்க வேண்டும் என்று அந்த வீச்சை நான் பெரிதாகப் போடுவேன். மற்றவர்கள் தொடை மட்டத்தில் போட்டால் நான் தோள் உயரத்துக்குப் போடுவேன். அப்படியே பழகிவிட்டது.

ஹாசினி இரண்டாம் வகுப்பிலேயே கவனித்துவிட்டாள். எதிரில் இருந்தபடியே "அம்மா, கை" என்று உதட்டை அசைத்தாள். நான் கையை இறக்கினேன். பாட்டு வேகம் பிடித்ததும் அது தானாக மறுபடி எழுந்தது.

4

பாவனியின் ரிசப்ஷன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அங்கே சாயங்காலம் என்றால் இங்கே மதியம், பட்டறை நேரம். பட்டறைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து போனில் பார்க்கலாமா என்று நினைத்தேன். அன்றைக்கு ஹாசினிக்கு மெட்டு தரப்போவதாக தெரேசா சொல்லியிருந்தாள். மூன்றாம் பகுதி முழுவதும் அவள் தனியாக வாசிக்க வேண்டும், முதல் தடவையாக. அதனால் போனேன்.

இடைவேளையில் படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். முதலில் மண்டபத்து ஃபேன் தெரிந்தது. பிறகு யாருடைய தோளோ. பிறகு அக்காவின் மூக்கு.

"தெரியுதாடி? சாப்பாடு துன்னியா நீ?"

"துன்னேன் துன்னேன். பாவனியக் காட்டு."

பாவனியைக் காட்டினாள். மணமேடையில் பூவுக்கு நடுவில் அவள் முகம் கொஞ்சம்தான் தெரிந்தது. பக்கத்தில் சித்தி நிற்க வேண்டிய இடத்தில் மாப்பிள்ளை வீட்டு அம்மா யாரோ நின்றுகொண்டிருந்தார். பிறகு அக்கா போனை ஆர்கெஸ்ட்ரா பக்கம் திருப்பினாள். "இவங்க வாசிக்கிறத கேளு. மாண்டலினே இல்ல. உன் எடம் காலியாத்தான் கீது" என்றாள். அவர்கள் ஒரு பழைய தெலுங்குப் பாட்டை ஆரம்பித்தார்கள். நான் எத்தனையோ கல்யாணத்தில் வாசித்த பாட்டு. படிக்கட்டில் உட்கார்ந்தபடியே தொடையில் தாளம் போட ஆரம்பித்தேன். சரணம் வருவதற்குள் படம் உறைந்தது. அக்கா வாயைத் திறந்தபடியே நின்றாள். தெரேசா மேலேயிருந்து கூப்பிட்டாள்.

அந்தத் தாளத்தோடே மாடிக்குப் போனேன். இதை நான் பிறகுதான் யோசித்துக் கண்டுபிடித்தேன். அப்போது எனக்கு எதுவும் தெரியாது. என் கண்ணெல்லாம் ஹாசினி மேல் இருந்தது. இரண்டாம் பகுதி முடிந்தது, புல்லாங்குழல்காரர் அவளைப் பார்த்தார், அவள் வாங்கிக்கொண்டாள். பயந்துபோய்த்தான் ஆரம்பித்தாள். நாலு வரி போனதும் தோள் இறங்கியது. அந்தக் குட்டி வாத்தியத்தில் அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு நிதானமாக வாசித்தாள். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு வாசித்தாள். சின்ன வயதில் எழுதும்போது அப்படித்தான் கடிப்பாள். என் கை என்னவோ பெருமை தாங்காமல் தட்டு, எண்ணிக்கை என்று போய், தோள் உயரத்துக்கு ஒரு வீச்சு வீசியது.

விரித்த உள்ளங்கை. மேசையைச் சுற்றி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

தெரேசா பண்டெய்ரோவை ஓர் அடி அடித்து முடித்தாள். கிடார்கள் நின்றன. புல்லாங்குழல் நின்றது. ஹாசினி மட்டும் கவனிக்காமல் இன்னும் கொஞ்சம் வாசித்தாள். அந்த நிசப்தத்தில் அவள் வாத்தியம் தனியாகக் கேட்டது. பிறகு அவளும் நிமிர்ந்து பார்த்து நிறுத்தினாள்.

"ஏன் முடித்தீர்கள்?" என்று தெரேசா என்னைக் கேட்டாள். அதட்டவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.

நான் முடிக்கவில்லை, இது எங்கள் ஊர்த் தாளம், கையைத் திருப்புவது கணக்குக்காக, நிறுத்துவதற்காக இல்லை, என் மகள் நன்றாக வாசித்தாள் அதனால்தான். இவ்வளவையும் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். "காதண்டி" என்றேன். தெலுங்கு. இல்லைங்க என்று. அதற்கு மேல் எந்த மொழியும் வரவில்லை.

ஹாசினி எனக்காகப் பேசினாள். போர்ச்சுகீசில், என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ஒன்றும் இல்லை. அவர் அப்படித்தான் செய்வார்."

மறுபடி முதலிலிருந்து வாசிக்கலாமா என்று தெரேசா கேட்டாள். ஹாசினி வேண்டாம் என்றாள். மூன்றாம் பகுதியை வேறு யாரோ வாசித்தார்கள்.

5

அடுத்த வாரம் தெரேசா குழுவை இரண்டாகப் பிரித்தாள். மாடியில் ஓரளவு கை வந்தவர்கள், கீழ்த்தளத்தில் ஆரம்பப் பாடம். என்னைக் கீழே போகச் சொன்னாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றாள், என் தோளைத் தொட்டு. வாய் நிறைய நன்றி சொன்னேன். வேறு என்ன செய்வது? கீழே ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், கிடார் வாங்கி ஒரு மாதமே ஆனவர்கள் சிலர், நான். மேலேயிருந்து பாட்டு கேட்கும், நாங்கள் ஒரே ஒரு சுரக்கூட்டைத் திரும்பத் திரும்ப மீட்டுவோம். ஹாசினி மேலே, நான் கீழே. ஒரு பாட்டு சேர்ந்து வாசிக்கப் போய், வீட்டில் ஒரே தளத்திலாவது இருந்தவர்கள் இப்போது இரண்டு தளத்துக்குப் பிரிந்துவிட்டோம்.

அக்காவிடம் சொன்னேன். கல்யாணக் களைப்பிலும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கை தானா ஆடுதுன்னா நீ இங்க வந்துடுடி. நம்ம புத்தூர்ல கட்டு போட்டு அனுப்பிடறேன். எங்கெங்க இருந்தோ வந்து போட்டுக்கினு போறாங்க."

"சும்மா இருக்கா. அவ எங்கிட்ட பேசறதே இல்ல."

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். "நீ பேசினியா?" என்றாள்.

அன்றைக்குப் பேசினேன். கதவைத் தட்டி உள்ளே போனேன். ஹாசினி கட்டிலில் உட்கார்ந்து பெட்டிகளில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். உன் பாட்டைக் கெடுத்துவிட்டேன், வேண்டும் என்று செய்யவில்லை என்றேன்.

"தெரியும், அம்மா." தமிழில்தான் சொன்னாள். "கை பரவால்ல. ஆனா நீ பாட்ட கேக்கறதே இல்ல. என்னையே பாத்துக்கினு இருக்க. அங்க யாரும் அவங்க அம்மாவோட வரல."

"அவங்க அம்மாங்களுக்கு மாண்டலின் தெரியாது."

"அது இல்ல மேட்டர்."

அவள் மறுபடி துணி அடுக்க ஆரம்பித்தாள். நான் வெளியே வந்து கணவரிடம் பட்டறையை விட்டுவிடலாமா என்று கேட்டேன். விட்டுவிடேன் என்றார், உடனே, செய்தித்தாளிலிருந்து நிமிராமல். அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னதாலேயே நான் விடவில்லை.

கீழ்த்தளத்துக்கே போய்க்கொண்டிருந்தேன். வாசிக்காதபோது வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ளப் பழகினேன். தாளம் காலுக்கு இறங்கியது, ஷூவுக்குள் விரல்கள் எண்ணிக்கொண்டிருந்தன. அதை யாரும் பார்க்க முடியாது. பழைய பழக்கத்தில் சுரங்களை வளைத்து ஆட்டாமல் மெட்டை நேராக வாசிக்கவும் வந்தது. தபால்காரர் கிடாரில் தப்புத் தப்பாகத் தாங்கிப் பிடிக்க, நான் இரண்டாம் பகுதியைத் தனியாக எடுத்து முழுக்க வாசித்தேன். யாரும் முன்னால் போகாமல் நானே எடுத்தது. மாடியில் இருந்தவளுக்கு அது கேட்டிருக்காது. குடியிருப்பு அட்டையும் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தது.

6

கடைசிச் சனிக்கிழமை எல்லோரும் மாடியில் சேர்ந்து ஒரே ரோடாவாக வாசிப்பது என்று ஏற்பாடு. ஹாசினி போர்த்துவுக்குக் கிளம்ப ஒரு வாரம்கூட இல்லை. மேசை அதேதான், நாற்காலிகளைவிட ஆட்கள் அதிகம். அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாட்டு முடிந்ததும் யாராவது எழுந்து போவார்கள், யாராவது வந்து உட்காருவார்கள். யாரும் யாரையும் அழைக்க மாட்டார்கள், யாரும் யாருக்கும் இடம் தர மாட்டார்கள். காலியானால் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

இது போதாதா என்னைப் போன்றவர்களைக் கவிழ்க்க? ஹாசினிக்கு எதிரில் ஒரு நாற்காலி கிடைத்தது. மாண்டலினை மடியில் வைத்து நிமிர்ந்தால் பக்கத்தில் தபால்காரர் கிடாரோடு நின்றுகொண்டிருக்கிறார். வயசானவர். எழுந்துவிட்டேன். உட்காருங்கள் என்றேன். அவர் திகைத்துப்போய் உட்கார்ந்தார். இரண்டு பாட்டு கழித்து இன்னொரு நாற்காலி காலியானது. உட்காரப் போகும்போது ஒரு கர்ப்பிணிப் பெண் கிளாரினெட்டோடு வந்தாள். அவளுக்கும் கொடுத்தேன். மூன்றாவதாகக் கிடைத்ததைச் சும்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்தார் என்பதற்காகவே விட்டுக்கொடுத்தேன். என் மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது. எழுந்திருக்காதே என்று மனசு சொல்லி முடிப்பதற்குள் உடம்பு எழுந்துவிடுகிறது. யாராவது நின்றால் நமக்கு உட்கார வராது. அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள், என்ன செய்ய?

தெரேசா கடிகாரத்தைப் பார்த்தாள். "இதுதான் கடைசி" என்றாள். நாங்கள் கோடை முழுக்க வாசித்த பாட்டு. எல்லா நாற்காலியிலும் ஆள். நான் சுவரோரமாக மாண்டலினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

ஹாசினி என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். கவாக்கின்யோவைக் கையில் தூக்கிக்கொண்டு, நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தி, எல்லோர் முன்னாலும் தமிழில் சொன்னாள்: "அம்மா, நீ உக்காரு."

நல்ல பிள்ளை. நான் வளர்த்த மாதிரியே நடந்துகொண்டது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

"நீ எழுந்துட்டா நான் யாரோட வாசிக்கிறது?" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். "மாண்டலினுக்கு ஆள் இல்லன்னா எனக்கு இன்னா? நான் உங்கூட வாசிக்கத்தான்டி வந்தேன். இத்தினி நாளும் அதுக்குத்தான் வந்துகினு இருந்தேன்."

ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரிந்திருக்காது. தெரேசா பண்டெய்ரோவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஹாசினிக்கு முகம் சிவந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள். எங்கே இவள் கதவைத் தேடிப் போய்விடப் போகிறாளோ என்று நினைத்தேன்.

"உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தாள்.

"ஜரகு."

புத்தூரிலிருந்து திருப்பதி போகிற பஸ்ஸில், இரண்டு பேர் சீட்டில் மூன்றாவதாக ஏறுகிறவர் தள்ளி உட்காரச் சொல்லிக் கேட்கிற அதே மாதிரி கேட்டேன். இப்படி ஒரு வார்த்தையை அவள் எட்டு வருஷமாகக் கேட்டிருக்க மாட்டாள். ஓரத்துக்கு நகர்ந்தாள். மிச்சம் இருந்த பாதியில் நான் உட்கார்ந்தேன். ஒரு கால் காற்றில்தான் இருந்தது. அவள் முழங்கை என் விலாவில் இடித்தது, என் மாண்டலின் பக்கத்தில் இருந்தவர் தோளில் இடித்தது. தெரேசா ஆரம்பித்தாள்.

நன்றாக வாசித்தோம் என்று சொல்ல ஆசைதான். முதல் பகுதி ஒரு மாதிரி போனது. இரண்டாம் பகுதிக்குப் புல்லாங்குழல்காரர் என்னைப் பார்த்தார். வாங்கிக்கொண்டேன், கொஞ்சம் தாமதமாக. நடுவில் ஒரு வளைவில் விரல் சறுக்கியது. ஹாசினி கீழே தாங்கிப் பிடித்தாள், நான் விழுந்த இடத்தில் ஒரு அடி கூடுதலாக மீட்டி என்னைத் தூக்கி விட்டாள். நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பாட்டு போயிருக்கும். முடித்துவிட்டு அவளைத்தான் பார்த்தேன், மூன்றாம் பகுதியை அவளிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு கடைசி வரைக்கும் வாசித்தாள். யாரும் நிறுத்தவில்லை.

கைதட்டினார்கள். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஆட்கள் எழுந்து பெட்டிகளைத் திறக்க ஆரம்பித்தார்கள்.

"ரெண்டாவது பார்ட்ல லேட்டா வந்த" என்றாள் ஹாசினி, கம்பியைத் துடைத்துக்கொண்டே.

"தெரியும்டி."

"நடுவுல ஒரு தப்பு வேற."

"அதுவும் தெரியும்."

மேசையைச் சுற்றி நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. எங்களுக்கு இரண்டு பக்கமும் காலி. எனக்கு ஒரு பக்கம் மரத்துப்போயிருந்தது, அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவள் நகரவில்லை. வாத்தியத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்து, "இன்னொரு வாட்டி அந்த எடத்த வாசி, அம்மா" என்றாள்.